கனவு நாடுகளில் லஞ்சம் உண்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கதைகளில் வரும் குறையில்லாத நாடுகளைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே சில கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றில் ஒளிவுமறைவும் ஊழலும் பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: சில கதைகளின் முடிவு இதில் தெரிந்துவிடும்.

முதலில், யுடோப்பியா என்றால் என்ன?

தாமஸ் மோர் என்ற ஆங்கிலேயர் லத்தீனில் எழுதி 1516இல் வெளிவந்த சிறு நூலில் வரும் தீவின் பெயர் அது. கிரேக்கத்தில் 'எங்கும் இல்லாத இடம்' என்று பொருள். உச்சரிப்பைக் கொஞ்சம் திருப்பினால் 'நல்ல இடம்' என்றும் காதில் விழும். மோருக்குச் சிலேடையில் ருசி அதிகம். தீவைப் பார்த்துவிட்டு வந்து கதை சொல்லும் பயணிக்கு அவர் வைத்த பெயரிலேயே 'வெட்டிப்பேச்சு வியாபாரி' என்பதுபோல ஒரு அர்த்தம் ஒளிந்திருக்கிறது. பிற்பாடு குறையில்லாத கற்பனை நாடு எதற்கும் அந்தத் தீவின் பெயரே ஒட்டிக்கொண்டது. நான் இங்கே 'கனவு நாடு' என்று சொல்லிக்கொள்கிறேன்.

எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாட்டில் மறைக்க என்ன இருக்கிறது?

நியாயமான கேள்விதான். ஆனால் இந்த வகைக்கெல்லாம் மூத்ததான பிளேட்டோவின் 'குடியரசு' நூலிலேயே, நாட்டோடு சேர்ந்து ஒரு பொய்யும் பிறந்துவிடுகிறது. நாட்டைப் பேச்சிலேயே கட்டிக்கொண்டு வரும் சாக்ரடீஸ், ஓரிடத்தில் தயங்கித் தயங்கி ஒரு யோசனை சொல்கிறார். மக்களிடம் ஒரு கதையைச் சொல்லி நம்பவைக்க வேண்டுமாம். எல்லோரும் மண்ணுக்குள் உருவாகி வந்தவர்கள். படைத்த கடவுள் ஆளப் பிறந்தவர்களிடம் தங்கத்தையும், படைவீரர்களிடம் வெள்ளியையும், உழவர்களிடமும் கைவினைஞர்களிடமும் இரும்பையும் வெண்கலத்தையும் கலந்துவிட்டார். இதுதான் கதை. தலையில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதாகத் தோன்றாது. இரும்புப் பெற்றோருக்குத் தங்கப் பிள்ளை பிறந்தால் அதை மேலே ஏற்ற வேண்டும் என்கிறார் சாக்ரடீஸ், அது ஒன்றுதான் வித்தியாசம்.

அதோடு நிற்கவில்லை. யாருக்கு யார் துணை என்பதைக் குலுக்கல் போட்டு முடிவு செய்கிறார்கள். குலுக்கல் முன்பே செட் செய்யப்பட்டது. நல்ல ஜோடி கிடைக்காதவன் தன் அதிர்ஷ்டத்தை நொந்துகொள்ள வேண்டும், ஆட்சியாளரை அல்ல. தரம் குறைந்தவர்கள் என்று கருதப்படுபவர்களின் குழந்தைகளை யாருக்கும் தெரியாத இடத்தில் மறைத்துவிடுகிறார்கள். அந்த வரியைக் கடந்து போவது எனக்கு இன்றும் கஷ்டம்.

பொய் என்பது மருந்து, அதைக் கையாளும் உரிமை மருத்துவருக்கு மட்டுமே என்பது வாதம். ஆட்சியாளர் நாட்டு நன்மைக்காகப் பொய் சொல்லலாம். குடிமகன் ஆட்சியாளரிடம் பொய் சொன்னால், நோயாளி வைத்தியரிடம் பொய் சொல்வதைவிடப் பெரிய குற்றம்.

பிளேட்டோவின் ஆட்சியாளர்களுக்குத்தான் சொத்தே கிடையாதே, பிறகு எப்படி ஊழல்?

ஆமாம், சொந்த நிலம் இல்லை, சொந்த வீடு இல்லை. தங்கம், வெள்ளியைத் தொடக்கூடாது. அவை இருக்கும் கூரையின் கீழ் நிற்கவும் கூடாது. இருக்கும் இடமும் யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் நுழையக்கூடியதாக இருக்க வேண்டும். இவ்வளவு கட்டுப்பாடு போட்டவரே எட்டாம் பாகத்தில் இந்த நாடு எப்படிக் கெட்டுப்போகும் என்றும் எழுதிவிட்டார். அதுவும் எங்கிருந்து தொடங்குகிறது தெரியுமா? அந்த ஜோடி சேர்க்கும் கணக்கில் ஆட்சியாளர்கள் செய்யும் ஒரு பிழையிலிருந்து. யாரும் சரிபார்க்க முடியாத கணக்கு அது.

கெட்டுப்போன முதல் தலைமுறை என்ன செய்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். தங்கத்தின் மேல் அவர்களுக்கு வெறி, ஆனால் வெளியே காட்டிக்கொள்ள முடியாது. அதனால் இருட்டில் வைத்துக் கும்பிடுகிறார்கள். தனிக் கஜானா கட்டுகிறார்கள், வீட்டைச் சுற்றிச் சுவர் எழுப்புகிறார்கள். எல்லோரும் நுழையலாம் என்றிருந்த வாசலில் சுவர் வந்துவிட்டது. நம் ஊரில் ஒருவருடைய காம்பவுண்டுச் சுவர் உயர்வதைப் பார்த்தே அக்கம்பக்கத்தில் கணக்குப் போடுவார்கள் இல்லையா, அதே பார்வைதான்.

மோரின் தீவில் கதவுக்குப் பூட்டே கிடையாதாமே?

கிடையாது. தள்ளினால் திறக்கும், விட்டால் தானே மூடிக்கொள்ளும். யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். பத்து வருடத்துக்கு ஒருமுறை சீட்டுப் போட்டு வீடுகளை மாற்றிக்கொள்கிறார்கள். வேலை நாளுக்கு 6 மணி நேரம். தங்கத்தில் மலச்சட்டியும் அடிமைகளின் சங்கிலியும் செய்கிறார்கள். நகைபோட்டு மினுக்கிக்கொண்டு வந்த வெளிநாட்டுத் தூதர்களை ஊர்ப் பிள்ளைகள் கோமாளிகள் என்று நினைத்துவிடும் காட்சி, 500 வருடம் கழித்தும் சிரிக்கவைக்கிறது.

பூட்டு இல்லை என்பது சரி. கூடவே அங்கே மதுக்கடை இல்லை, ரகசியமாகக் கூடிப் பேச ஒரு மூலை இல்லை. எல்லோரும் எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டே இருப்பதால்தான் ஒழுங்காக இருக்கிறார்கள் என்று மோரின் பயணி பெருமையாகவே சொல்கிறார். அனுமதிக் கடிதம் இல்லாமல் அடுத்த ஊருக்குப் போனால் பிடித்துக்கொண்டு வருவார்கள். இரண்டாம் முறை போனால் அடிமைத்தனம். அப்புறம் இன்னொரு சட்டம்: பொது விவகாரங்களைச் செனட்டுக்கோ மக்கள் சபைக்கோ வெளியே விவாதித்தால் மரண தண்டனை. தலைவரும் அதிகாரிகளும் தனியே கூடிச் சதி செய்துவிடக் கூடாது என்பதுதான் இதற்குச் சொல்லும் காரணம். நோக்கம் சதியைத் தடுப்பது. ஆனால் டீக்கடையில் செய்தித்தாளை விரித்துவைத்து நாம் செய்யும் காரியமும் அந்த வலையில் மாட்டும்.

லஞ்சத்தைத் தடுக்க மோர் ஏதாவது வழி சொன்னாரா?

சொன்னார், கெட்டிக்காரத்தனமான வழி. அக்கம்பக்கத்து நாடுகள் தங்களுக்கு நேர்மையான அதிகாரிகள் வேண்டும் என்று யுடோப்பியாவில் கேட்டு வாங்கிப் போகின்றன, சிலர் ஒரு வருடத்துக்கு, சிலர் ஐந்து வருடத்துக்கு. இவர்களுக்கு ஏன் லஞ்சம் கொடுக்க முடியாது? போன இடத்தில் சம்பாதித்ததை ஊருக்குக் கொண்டுவந்தால் செலவழிக்க வழியே இல்லை. அங்கே சொந்தக்காரர், சாதிசனம் என்று யாரும் இல்லாததால் சிபாரிசும் எடுபடாது.

பதவிக்கு ஆதரவு திரட்டிக்கொண்டு அலைகிறவனுக்கு எந்தப் பதவியும் கிடைக்காது என்பது இன்னொரு விதி. இதைப் படிக்கும்போது யாருக்கு எந்தத் தேர்தல் நினைவுக்கு வருகிறது என்பது அவரவர் பாடு.

ஆனால் அதே யுடோப்பியர்கள் வெளிநாட்டில் தாராளமாக லஞ்சம் கொடுக்கிறார்கள்! போர் என்று வந்தால் எதிரி நாட்டில் இரவோடிரவாக ரகசிய அறிவிப்புகளை ஒட்டுகிறார்கள்: உங்கள் அரசனைக் கொன்றால் இவ்வளவு பரிசு, இன்ன ஆலோசகரைக் கொன்றால் இவ்வளவு, உயிரோடு பிடித்துக் கொடுத்தால் இரண்டு மடங்கு. சொன்ன தொகையைச் சொன்னபடி தருகிறார்கள். அரசனின் தம்பியைத் தூண்டிவிட்டு உள்நாட்டில் பிளவு உண்டாக்குவதும் உண்டு. மலச்சட்டிக்குப் போக மீதித் தங்கம் எதற்குச் சேமிக்கப்பட்டது என்று அப்போதுதான் புரியும். வீட்டுக்குள் சுத்தம் காக்க, வெளியே ஒரு கழிவு வாய்க்கால் வெட்டிவிட்டார்கள்.

மோர் சொந்த வாழ்க்கையில் எப்படி?

கை சுத்தம் என்றுதான் பெயர். 1529இல் இங்கிலாந்தின் சான்சலர், அதாவது அரசனுக்கு அடுத்த நிலையில் இருந்த தலைமை நீதி அதிகாரி ஆனார். அவருடைய மருமகன் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் ஒரு சம்பவம் வருகிறது. தன் வழக்கில் சாதகமாகத் தீர்ப்புப் பெற்ற ஒரு விதவை, புத்தாண்டுப் பரிசாக ஒரு ஜோடிக் கையுறை கொடுத்தாராம். கையுறைக்குள் 40 பவுண்டு பொற்காசு. ஒரு பெண் தரும் பரிசை மறுப்பது மரியாதை இல்லை என்று கையுறையை வைத்துக்கொண்டு, காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மருமகன் எழுதியது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். ஆனாலும் 1535இல் அவர் தலை போனது எட்டாம் ஹென்றியைத் திருச்சபையின் தலைவர் என்று ஏற்க மறுத்ததற்காக, காசுக்காக அல்ல.

அதே நாற்காலியில் சுமார் 90 வருடம் கழித்து உட்கார்ந்தவரும் ஒரு கனவு நாடு எழுதினார். அவர் கதை வேறு.

யார் அவர்?

ஃபிரான்சிஸ் பேக்கன். 1618இல் சான்சலர் ஆனார். 1621இல் வழக்காடியவர்களிடம் பணம் வாங்கினார் என்று நாடாளுமன்றத்தில் குற்றச்சாட்டு வந்தது. மொத்தம் 28 குற்றச்சாட்டுகள், எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். அபராதம் 40,000 பவுண்டு, லண்டன் கோபுரத்தில் சிறை, இனி எந்தப் பதவியும் கிடையாது. சிறை சில நாள்தான், அபராதத்தையும் அரசன் தள்ளுபடி செய்துவிட்டான். ஆனால் போன பதவி திரும்ப வரவில்லை.

முதலில் புகார் கொடுத்தவர்கள் யார் என்பது வேடிக்கை. பணம் கொடுத்தும் தீர்ப்பு எதிராகப் போனவர்கள்! 'வாங்கினேன், ஆனால் அதற்காக நீதியை வளைக்கவில்லை' என்ற அவருடைய நிலைக்கு ஒருவகையில் இவர்களே சாட்சி. அந்தக் காலத்து இங்கிலாந்தில் நீதிபதிக்கு அன்பளிப்பு தருவது வழக்கத்தில் இருந்ததுதான். வழக்கம் எப்போது குற்றமாகிறது என்பதை எதிரிகள் முடிவு செய்தார்கள் என்று சொல்பவர்களும் உண்டு. நான் அவ்வளவு இரக்கம் காட்டமாட்டேன். மோருக்குக் கையுறையையும் காசையும் பிரிக்கத் தெரிந்திருந்ததே.

அவர் எழுதிய நாட்டில் லஞ்சம் உண்டா?

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. பதவி போன பின் வீட்டில் உட்கார்ந்து அவர் எழுதிய 'புதிய அட்லாண்டிஸ்' 1626இல் அவர் இறந்த பிறகே வெளிவந்தது. பெருவிலிருந்து சீனா, ஜப்பான் நோக்கிப் புறப்பட்ட கப்பல் ஒன்று பசிபிக்கில் வழி தவறி, எந்தப் படத்திலும் இல்லாத பென்சலேம் என்ற தீவை அடைகிறது. கப்பலில் 51 பேர், அதில் 17 பேர் நோயாளிகள். தீவின் அதிகாரி ஒருவர் வந்து விசாரிக்கிறார். நன்றிக்கடனாகக் கப்பல்காரர்கள் சில பொற்காசுகளை நீட்டுகிறார்கள். அவர் சிரித்துக்கொண்டே, ஒரே வேலைக்கு இரண்டு கூலி வாங்கக் கூடாது என்கிறார். அரசாங்கச் சம்பளமே போதும் என்று அர்த்தம். கை நீட்டும் அதிகாரியை அந்த ஊரில் 'இரட்டைக் கூலிக்காரன்' என்றுதான் சொல்வார்களாம்.

அடுத்து அவர்களை விருந்தினர் மாளிகையில் கொண்டுவிட்ட அதிகாரிக்கு 20 பொற்காசு நீட்டுகிறார்கள். அவரும் சிரிக்கிறார்: "என்ன, இரட்டைக் கூலியா?" சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்.

லஞ்சம் வாங்கி மாட்டிய நீதிபதி, ஓய்வில் உட்கார்ந்து, கை நீட்டாத அதிகாரிகளின் ஊரைக் கற்பனை செய்கிறார். அதுவும் ஒருமுறை சொல்லி மனசு ஆறாமல் மறுபடியும் சொல்கிறார். வெட்கமா, வேண்டுதலா, பாவனையா? ஒவ்வொரு முறை படிக்கும்போதும் எனக்கு ஒவ்வொன்றாகத் தோன்றியிருக்கிறது.

நம் ஊரில் 'டீ செலவுக்கு' என்று சொல்லிக் கையில் திணிப்பதற்கு, 'இரட்டைக் கூலி' என்பதைப் போல் உறுத்தலான ஒரு பெயர் இல்லை. மாமூல், அன்பளிப்பு, மேல்வரும்படி என்று நாம் வைத்திருக்கும் பெயர்கள் எல்லாமே கொஞ்சம் செல்லமாகத்தான் ஒலிக்கின்றன.

அப்படியானால் பென்சலேம் ஒளிவுமறைவில்லாத நாடா?

தலைகீழ். லஞ்சமே இல்லாத அந்தத் தீவு, எனக்குத் தெரிந்த கனவு நாடுகளிலேயே மிகவும் கமுக்கமானது. உலகத்தை நாங்கள் அறிவோம், எங்களை யாரும் அறியமாட்டார்கள் என்பது அவர்கள் கொள்கை. 12 வருடத்துக்கு ஒருமுறை இரண்டு கப்பல்கள் புறப்படும். அதில் போகும் அறிஞர்கள் வேறு நாட்டுக்காரர்கள் என்று சொல்லிக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்து, புத்தகங்களையும் கருவிகளையும் கண்டுபிடிப்புகளையும் சேகரித்து வருவார்கள். அவர்களுக்கு 'ஒளி வணிகர்கள்' என்று அழகான பெயர். இன்றைக்கு அதை வேறு பெயரில் சொல்வோம்.

தீவுக்கு வந்துசேர்ந்த அந்நியர்கள் திரும்பிப் போகலாம், தடை இல்லை. ஆனால் அவ்வளவு காலத்தில் திரும்பிப் போனவர்கள் 13 பேர்தானாம். அவர்கள் ஊரில் போய்ச் சொல்லியிருந்தாலும் கனவு கண்டான் என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்கிறார் விருந்தினர் மாளிகைத் தலைவர். காவல் போடாமலே ரகசியம் காக்கும் வழி அது. நம்ப முடியாத அளவுக்கு நன்றாக இருந்தால் போதும்.

எல்லாவற்றுக்கும் உச்சம் 'சாலமன் இல்லம்' என்ற ஆராய்ச்சிக் கூடம். எந்தக் கண்டுபிடிப்பை வெளியிடுவது, எதை மறைப்பது என்று அங்குள்ள அறிஞர்களே கூடி முடிவு செய்கிறார்கள். ரகசியம் காக்கச் சத்தியமும் செய்கிறார்கள். மறைப்பதில் சிலவற்றை அரசுக்குத் தெரிவிப்பார்கள், சிலவற்றை அரசுக்குக்கூடத் தெரிவிக்க மாட்டார்கள். அப்படியானால் நாட்டை ஆள்வது யார்? அரசன் இருக்கிறான், ஆனால் கதையில் அவன் முகம் தென்படுவதே இல்லை. சாலமன் இல்லத்துப் பெரியவர் ஊருக்குள் வரும்போதுதான் தெருவில் ஊர்வலம் நடக்கிறது.

குடிமக்களின் ரகசியங்களை அரசு தெரிந்துகொள்ளும் கனவு நாடு உண்டா?

இத்தாலியத் துறவி காம்பனெல்லாவின் 'சூரிய நகரம்'. 1602இல் நேப்பிள்ஸ் சிறையில் எழுதியது. ஸ்பானிய ஆட்சிக்கு எதிரான சதியில் மாட்டி ஏறத்தாழ 27 வருடம் சிறையில் இருந்தவர் அவர். அவருடைய நகரத்தில் குடிமக்கள் தங்கள் பாவங்களை அதிகாரிகளிடம் அறிக்கையிட வேண்டும். அதிகாரிகள் தங்கள் பாவங்களோடு, கேட்டவற்றையும் பெயர் சொல்லாமல் மூன்று தலைவர்களிடம் அறிக்கையிட வேண்டும். அந்த மூவர் உச்சியில் இருக்கும் பெருந்தலைவரிடம். இப்படி ஊரில் எந்தத் தப்பு பெருகுகிறது என்று மேலே தெரிந்துவிடும், மருந்தும் கீழே வரும்.

விசாரணையும் சித்திரவதையும் அனுபவித்த ஒருவர் இதைக் கற்பனை செய்தார் என்பதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. பெருந்தலைவர் கடவுளிடம் அறிக்கையிடுகிறார். ஏணியில் கீழே இறங்கி வரும் அறிக்கை ஒன்றுகூட இல்லை.

எல்லாவற்றையும் வெளிச்சத்தில் வைத்துவிட்டால் ஊழல் ஒழிந்துவிடாதா?

இதைச் சோதித்துப் பார்த்தவர் ரஷ்ய எழுத்தாளர் ஸம்யாத்தின். கப்பல் பொறியாளர், இங்கிலாந்தில் பனி உடைக்கும் கப்பல்கள் கட்டுவதை மேற்பார்த்தவர். 1920, 21 வாக்கில் அவர் எழுதிய 'நாம்' நாவல் முதலில் 1924இல் ஆங்கிலத்தில் வெளியானது. சோவியத் நாட்டில் அச்சேற 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதில் வீடுகள் முழுக்கக் கண்ணாடி. இளஞ்சிவப்புச் சீட்டு வைத்திருப்பவர் மட்டும், குறித்த நேரத்தில், துணையோடு இருக்கும்போது திரையை இறக்கிக்கொள்ளலாம். மனிதர்களுக்குப் பெயர் இல்லை, எண்தான்.

இந்தக் கண்ணாடி நாட்டில் என்ன நடக்கிறது? கதாநாயகன் வேலைக்குப் போகாமல் இருக்க ஒரு டாக்டர் பொய்யான உடல்நலச் சான்றிதழ் எழுதித் தருகிறார். ஆமாம், மெடிக்கல் சர்டிபிகேட்! ஆயிரம் வருடத்துக்கு அப்பாலும் அது கிடைக்கிறது. கடைசியில் கதாநாயகன் மனம் பொறுக்காமல் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளக் காவலர் அலுவலகத்துக்கு ஓடுகிறான். கேட்டுக்கொண்டிருக்கும் காவலரே சதிக்கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று பாதிப் பேச்சில் புரிகிறது.

கண்ணாடிச் சுவர் யாருக்கு, திரை யாருக்கு என்பதுதான் கேட்க வேண்டியது. காம்பனெல்லாவிடமும் ஸம்யாத்தினிடமும் கண்ணாடி கீழே இருப்பவர்களுக்கு. பிளேட்டோ ஒருவர்தான் ஆள்பவர்களின் கதவைத் திறந்து வைத்தார். அவரும் அவர்களுக்குப் பொய் சொல்லும் உரிமையைத் தந்து, திறந்ததைச் சாத்திவிட்டார்.

ரகசியம் எல்லாமே கெட்டதா?

இல்லை. மோரின் தீவில் 200 பிரதிநிதிகள் ரகசிய வாக்கெடுப்பில்தான் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 'நாம்' நாவலில் வருடா வருடம் ஒரே தலைவருக்குப் பகிரங்கமாகக் கைதூக்குகிறார்கள். ஒருமித்த நாள் என்று அதற்குப் பெயர். எந்த நாட்டில் நீங்கள் ஓட்டுப் போட விரும்புவீர்கள்?

பணமே இல்லாத நாட்டில் எதை லஞ்சமாக வாங்குவது?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. பதிலுக்கு நான் கைகாட்டுவது அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1974இல் எழுதிய 'தி டிஸ்பொசஸ்டு' நாவலை. அனாரெஸ் என்ற வறண்ட கோள். அங்கே பணம் இல்லை, அரசாங்கம் இல்லை, சிறை இல்லை, சொத்து இல்லை. பக்கத்துக் கோளான உர்ராஸிலிருந்து புரட்சி செய்து வெளியேறியவர்களின் வாரிசுகள் அவர்கள். லெ குவின் அந்தச் சமூகத்தை நேசிக்கிறார், அது படிக்கும்போதே தெரியும். அதனால்தான் அது எங்கே இற்றுப்போகிறது என்று அவரால் அவ்வளவு துல்லியமாகக் காட்ட முடிந்தது.

ஷெவெக் என்ற இளம் இயற்பியலாளன் அந்தக் கோளின் மைய நகருக்கு வருகிறான். அங்கே சபூல் என்ற மூத்த அறிஞர். வந்ததும் அவர் சில புத்தகங்களைக் கொடுத்து, உர்ராஸின் மொழியைக் கற்றுக்கொள், உன்னோடு வைத்துக்கொள், யாரிடமும் காட்டாதே என்கிறார். ஷெவெக்குக்கு அதிர்ச்சி. பதுக்குவது என்பதே கெட்டவார்த்தையான ஊரில் அறிவைப் பதுக்கச் சொல்கிறார்களே! பிறகு மெல்ல மெல்லப் புரிகிறது. உர்ராஸிலிருந்து வரும் ஆய்வுகள் சபூல் கையில் இருக்கின்றன. அவற்றை வேறு யாரும் படிக்க முடியாததால்தான் அவர் பெரிய ஆள். எதை அச்சிடுவது, எதை அனுப்புவது என்பதில் அவர் சொல்தான் எடுபடும். ஷெவெக்கின் நூல் வெளிவர வேண்டுமா? சபூலின் பெயரையும் ஆசிரியராகப் போட வேண்டும். போடுகிறார்கள். நாம் இருவரும் வியாபாரிகள் மாதிரிப் பேரம் பேசிவிட்டோம் என்று ஷெவெக் கூசிப்போகிறான். காசே இல்லாத இடத்தில் ஒரு விற்பனை நடந்து முடிந்திருக்கிறது.

இவனுக்கு எதிராக எந்தச் சட்டமும் இல்லை, எந்த உத்தரவும் போடப்படுவதில்லை. உன் வேலை சமூகத்துக்குப் பயன்படவில்லை என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான், இடம் போய்விடுகிறது. அவனுடைய சிறுவயது நண்பன் ஒருவன் கிண்டலாக ஒரு நாடகம் போட்டதற்கு ஊரே முகம் சுளித்து, கடைசியில் மனநலக் காப்பகத்தில் போய் முடிகிறான். மேலே அதிகாரி என்று யாராவது இருந்தால் மனு கொடுக்கலாம். இல்லாத அதிகாரியிடம் எப்படி முறையிடுவது?

என் கருத்து இதுதான்: பணத்தை ஒழித்தால் லஞ்சம் ஒழியாது, நாணயம் மாறும். பணம் இல்லாத இடத்தில் யாருக்கு எது தெரியும் என்பதே நாணயம் ஆகிவிடுகிறது. அதைப் பதுக்கினால் விலை ஏறும். ஒளிவுமறைவு ஊழலை மூடும் போர்வை என்று நினைக்கிறோம், பல கதைகளில் ஊழலுக்கு மூலதனம் போடுவதே அதுதான். பல்கலைக்கழகப் பக்கம் போனவர்களுக்கு சபூலை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

குழந்தைகளுக்கான கதைகளில் இது வருகிறதா?

லோயிஸ் லௌரி 1993இல் எழுதிய 'தி கிவர்' நாவலைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் படிக்கிறார்கள். பொய்யே சொல்லாத ஊர் அது. சொற்களைத் துல்லியமாகப் பயன்படுத்தக் குழந்தையிலிருந்தே பழக்குகிறார்கள். ஜோனஸ் என்ற சிறுவனுக்கு ஊரின் நினைவுகளைச் சுமக்கும் அரிய பொறுப்பு கிடைக்கிறது. கூடவே விதிகள் எழுதிய ஒரு தாள். கடைசி விதி: நீ பொய் சொல்லலாம்.

அந்தக் கணத்தில் அவனுக்கு ஒரு பயம் வருகிறது. பெரியவர்கள் எல்லோருக்கும் இதே வரி தரப்பட்டிருந்தால்? 'பொய் சொல்வீர்களா' என்று கேட்டாலும், வரும் பதில் உண்மை என்று எப்படித் தெரியும்? ஊரில் 'விடுவிப்பு' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று அவன் பின்னர் ஒரு பதிவில் பார்க்கிறான். அவன் அப்பா, இரட்டைக் குழந்தைகளில் எடை குறைந்ததை, கொஞ்சலாகப் பேசிக்கொண்டே ஊசி போட்டுக் கொல்கிறார். அவரைப் பொய்யர் என்றும் சொல்ல முடியாது. அந்தச் சொல்லே அவருக்குப் பதில் பொய்யைச் சொல்லிவிடுகிறது.

ஊருக்கே தெரிந்தால் அது ரகசியமா?

லெ குவின் 1973இல் எழுதிய ஓமெலாஸ் நகரத்துச் சிறுகதையில், ஊரின் இன்பம் முழுக்க ஒரு நிலவறையில் வாடும் ஒற்றைக் குழந்தையின் துன்பத்தில் நிற்கிறது. எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் எல்லோருக்கும் விளக்கிவிடுகிறார்கள். அழுகிறார்கள், ஆத்திரப்படுகிறார்கள், பிறகு பழகிக்கொள்கிறார்கள். சிலர் மட்டும் பேசாமல் ஊரைவிட்டு நடந்துபோகிறார்கள்.

சட்டம் போட்டவரே மீறினால்?

ஆங்கில எழுத்தாளர் ஹக்ஸ்லி 1932இல் எழுதிய 'பிரேவ் நியூ வேர்ல்ட்' நாவலில் உலகக் கட்டுப்பாட்டாளர் ஒருவர் தடைசெய்யப்பட்ட பைபிளைத் தன் இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார். சட்டம் போடுபவன் நான், மீறவும் செய்யலாம் என்று சாதாரணமாகச் சொல்கிறார். மறைக்கவில்லை என்பதால் அது ஊழல் இல்லை என்று ஆகிவிடுமா? இந்த ஒரு கேள்விக்கு மட்டும் என்னிடம் நிலையான பதில் கிடையாது.

இந்தியாவிலிருந்து யாரும் எழுதவில்லையா?

எழுதினார்கள், சென்னையிலேயே அச்சானதும் உண்டு. வங்காளத்தைச் சேர்ந்த ரொகேயா ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு', கமலா சத்தியநாதன் சென்னையிலிருந்து நடத்திய 'தி இண்டியன் லேடீஸ் மேகஸின்' இதழில் 1905இல் வெளியானது. பெண்கள் ஆளும் நாடு. ஆண்கள் வீட்டுக்குள். வேலை நாளுக்கு 2 மணி நேரம், சூரிய வெப்பத்தில் சமையல். ஆண்களை உள்ளே வைத்ததும் குற்றமே இல்லாமல் போனதால் போலீசும் மாஜிஸ்திரேட்டும் தேவைப்படவில்லை. பொய் சொன்னால் என்ன தண்டனை? நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். மனம் திருந்தினால் மன்னிப்பு உண்டு. பொய்யையே முதல் குற்றமாக வைத்தது எனக்குப் பிடிக்கும். பிளேட்டோவால் அந்த ஊரில் ஒரு வாரம் தாக்குப்பிடிக்க முடியாது.

நமக்குக் கம்பரின் அயோத்தி இருக்கிறது. "கள்வார் இலாமைப் பொருள் காவலும் இல்லை, யாதும் கொள்வார் இலாமைக் கொடுப்பார்களும் இல்லை மாதோ." திருடுபவர் இல்லை, அதனால் காவல் இல்லை, வாங்குபவர் இல்லை, அதனால் கொடுப்பவரும் இல்லை. கம்பர் சொல்வது தானத்தை. ஆனால் லஞ்ச ஒழிப்புத் துறை அலுவலக வாசலில் எழுதி வைத்தாலும் பொருந்தும். அந்த அயோத்தியிலும் அரண்மனைக்குள் ஒரு கூனி இருந்தாள் என்பது வேறு விஷயம்.

பேக்கனின் தீவில் கடைசிவரை யாருமே காசு வாங்கவில்லையா?

தீவுக்காரர்கள் வாங்கவில்லை. கதையின் கடைசியில் சாலமன் இல்லத்துப் பெரியவர் கதைசொல்லியைத் தனியே அழைத்து, தங்கள் ஆராய்ச்சிகளையெல்லாம் விவரிக்கிறார். உலக நன்மைக்காக இதை வெளியிட அனுமதி தருகிறேன் என்கிறார். அவ்வளவு காலம் காத்த ரகசியம், எந்தச் சபை எப்போது முடிவு செய்தது என்று தெரியாமலே, ஒரு வெளிநாட்டுக்காரனிடம் போகிறது. போகும்போது கதைசொல்லிக்கும் அவனுடைய கூட்டாளிகளுக்கும் சுமார் 2,000 டூக்கட் பொற்காசு ஒதுக்கிவிட்டுப் போகிறார். வாங்கிக்கொண்டார்களா, இரட்டைக் கூலி என்று சிரித்தார்களா என்று பேக்கன் எழுதவில்லை. கதையின் முடிவில் அச்சில் இருப்பது, மீதி முடிக்கப்படவில்லை என்ற குறிப்பு.